மாட்டுக்கு ஒரு வாய்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களில் இரண்டு பேர் போன மாதம் வீட்டுக்கு வந்து, என் அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டீர்கள். நான் முதலில் மறுத்தேன். தீவனக் கணக்கை இப்போது கணினி போடுகிறது. புல்லில் எவ்வளவு புரதம், பார்லியில் எவ்வளவு மாச்சத்து என்று நான் தொடங்கினால் நீங்கள் மரியாதைக்காகக் கொட்டாவியை அடக்கிக்கொண்டு இருப்பீர்கள். ஆகவே கணக்கை விட்டுவிடுகிறேன். ஒரு நாகு செத்துப்போயிருக்க வேண்டிய நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பயப்படாதீர்கள், அது சாகவில்லை.

கன்று ஈனாத இளம் பசுவை யாழ்ப்பாணத்தில் நாகு என்போம். லண்டனில் பிறந்த உங்களுக்கு அந்தச் சொல் தெரியாதென்றால் இன்றோடு தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கதை முழுக்க அதுதான் வரப்போகிறது.

எண்பதுகளில் தேம்ஸ் ஆற்றங்கரையில் இருந்த ஒரு தீவன ஆலையில் நான் ஆலோசகராக இருந்தேன். பண்ணை பண்ணையாகப் போய், மாட்டையும் புல்லையும் பார்த்து, மேலதிகமாக என்ன போடலாம் என்று சொல்வது என் வேலை. நாங்கள் குடியிருந்தது செவன் கிங்ஸில். எங்கள் தெருவில் கணக்காளர் இருந்தார், டொக்டர் இருந்தார், பெற்றோல் நிலையம் வைத்திருந்தவரும் இருந்தார். என் வேலையை மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று மனைவி தவித்துப்போனாள். "அவர் மாட்டுப் பக்கம்" என்று சொல்லி வைப்பாள். அதன் விளைவாக, தெரிந்தவர்களின் பூனைக்கு நோய் வருத்தம் வந்தால் எனக்குத்தான் தொலைபேசி வரும்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும். மச்சம் மாமிசம் தொடாத ஆள், இறைச்சிக்கு வளர்க்கும் மாட்டுக்குத் தீனி போடலாமோ என்று கலியாண வீடுகளில் கேட்பார்கள். மாடு எதைச் சாப்பிடுகிறது என்பதுதான் என் பொறுப்பு, மாட்டை யார் சாப்பிடுகிறார்கள் என்பது என் பொறுப்பில்லை என்று பதில் வைத்திருந்தேன். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்குத்தான் அந்தப் பதில் சில நாட்களில் உள்ளே இறங்காது.

என் முதல் மேலாளருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பண்ணைக்குப் போனாலும் வேலிக் கதவான படலையடியில் நின்று, புகைகுடிக்கும் சுங்கானைப் பற்றவைத்து, அது அணையும் வரைக்கும் ஒரு சொல் பேசமாட்டார். பண்ணைக்காரர் பக்கத்தில் நின்று பொருமிக்கொண்டிருப்பார். இவர் பாட்டுக்கு மாட்டைப் பார்ப்பார், சாணத்தைப் பார்ப்பார், எந்த மாடு எந்த மாட்டை இடித்துத் தள்ளுகிறது என்று பார்ப்பார். நான் புகைபிடிப்பதில்லை. ஆனாலும் படலையடியில் நிற்கும் பழக்கம் அவரிடமிருந்து எனக்கும் ஒட்டிக்கொண்டது.

இனி ஹில்டா. கணவர் இறந்த பிறகு பண்ணையைத் தனியே நடத்திய பெண்மணி. ரெயின்ஹம் பக்கம், லண்டன் முடிந்தும் முடியாமலும் இருக்கும் இடத்தில், சரளை மண் மேட்டில் அவருடைய புல்வெளி. ஒரு பக்கம் சதுப்பு நிலம், மறுபக்கம் லொறிகள் இரையும் பெருந்தெரு. மாட்டுக் கொட்டகையைக் குளிர்காலத்தில் கரவன்கள் நிறுத்துவதற்கு வாடகைக்கு விட்டிருந்தார். மாடுகள் வெளியே நிற்க, யாரோ விடுமுறைக்குப் போகும் வண்டிகள் கூரைக்குக் கீழே சுகமாக நிற்கும். அந்த ஆண்டு குளிர் அவ்வளவு கடுமையாக இல்லை. மார்கழியிலும் புல் பச்சையாக நின்றது.

ஹில்டாவிடம் இறைச்சி மாட்டு இனத்தில் இருபதுக்குக் கிட்ட நாகுகள் இருந்தன. சொந்தமாகத் தாய்ப்பசு மந்தை ஒன்றை உருவாக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு ஒரு கடுமையான சட்டமும் வைத்திருந்தார். வசந்தத்தில் காளைக்கு விடும் நாளில் குறித்த எடையைத் தொட்ட நாகு தாயாகும், தொடாத நாகு சந்தைக்குப் போகும். சந்தைக்குப் போனால் அதற்குப் பிறகு என்ன என்று உங்களுக்குத் தெரியும். சினை பிடிக்கும் வரை எந்த நாகுக்கும் அவர் பெயர் வைப்பதில்லை. காதில் தொங்கும் இலக்கம்தான் பெயர். பெயர் வைத்துவிட்டால் விற்க மனம் வராது என்று ஒருநாள் தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்.

நான் முதலில் போனபோது அந்த நாகுகள் பார்க்கச் சகிக்கவில்லை. புல் முழங்கால் அளவு நிற்கிறது, மாடுகளோ மெலிந்து, மயிர் சிலிர்த்து, சாணம் தண்ணீராக ஓடுகிறது. பக்கத்துப் பண்ணைக்காரர் சொன்னாராம் என்று சோயாப் புண்ணாக்கை வேறு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். குளிர்காலத்துப் பச்சைப் புல்லில் புரதம் தாராளம், தண்ணீரும் தாராளம், சக்திதான் குறைவு. வீடு கட்டும் வளவில் கல் மலையாகக் குவிந்திருக்கிறது, மேசனுக்குச் சாப்பாடு இல்லை என்று வையுங்கள். அங்கே இன்னும் ஒரு லொறி கல்லைக் கொண்டுபோய் இறக்கினால் என்ன நடக்கும்? அதுதான் நடந்துகொண்டிருந்தது.

புண்ணாக்கை நிறுத்தச் சொன்னேன். சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பீட் சக்கை கொஞ்சம், நசித்த பார்லி அதைவிடக் கொஞ்சம், ஒவ்வொரு காலையும் ஒரே நேரத்தில், எல்லா மாடும் தலை வைக்கக்கூடிய நீளத் தொட்டியில் போடச் சொன்னேன். இந்தக் கொஞ்சம் காணுமா என்று ஹில்டா சந்தேகப்பட்டார். கூட்டிப் போட்டால் புல்லை விட்டுவிட்டுத் தொட்டியடியிலேயே நிற்கும் என்றேன். பந்திக்கு முன் பலகாரத் தட்டை நீட்டினால் பிள்ளைகள் சோற்றைத் தொடுமா, அதே கதைதான். அலுவலகத்தில் விற்பனைப் பகுதிக்காரர் என்னைக் கூப்பிட்டு, நீ விற்கப் போனாயா, தடுக்கப் போனாயா என்று கேட்டார். நல்ல கேள்விதான், ஆனால் அவர் சாணத்தைப் பார்க்கவில்லை.

தை பிறக்குமுன்பே சாணம் இறுகிவிட்டது, மயிர் பளபளத்தது, எடை ஏறத் தொடங்கிவிட்டது. ஒன்றே ஒன்றைத் தவிர. நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள சின்ன நாகு அது. கூச்ச சுபாவம். மற்றவை இடித்தால் தொட்டியை விட்டு விலகிப்போய் நிற்கும். எடைக் கோட்டைத் தொடுமா என்பது எனக்கே சந்தேகமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் தாமோதரம் அண்ணை தொலைபேசி எடுத்தார். அவர் ஹவுன்ஸ்லோவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் ஷிப்ட் வேலை செய்தவர். எந்தக் கூட்டத்துக்கும் தானாகவே செயலாளராகிவிடுவார். இங்கே பிறக்கும் பிள்ளைகள் மாட்டைப் படத்தில் மட்டும் பார்க்கிறார்கள், இந்த முறை பட்டிப்பொங்கலை ஒரு உண்மையான பட்டியில் கொண்டாட வேண்டும், உமக்குத் தெரிந்த பண்ணை இருக்குமே என்றார். நான் ஹில்டாவின் நாகுகளைப் பற்றிச் சொன்னேன். மறைக்க விருப்பமில்லாமல், எடை ஏறாதது சந்தைக்குப் போகும் என்பதையும், நெற்றிச்சுட்டியின் நிலைமையையும் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அப்பிடியெண்டா நாங்கள் கட்டாயம் வரவேணும் தம்பி" என்றார்.

ஹில்டாவுக்கு விளக்க நான் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம். மாட்டுக்கு நன்றி சொல்ல ஒரு பண்டிகையா என்று இரண்டு முறை கேட்டுவிட்டுச் சம்மதித்தார். குளிப்பாட்டக் கூடாது, படலையைத் திறந்துவிடக் கூடாது என்பவை அவருடைய நிபந்தனைகள். என்னுடைய நிபந்தனை ஒன்றுதான், அதுவும் நாங்கள் புக்கை என்று சொல்லும் பொங்கல் சோற்றைப் பற்றியது. அண்ணையிடம் தெளிவாகச் சொன்னேன்: "மாட்டுக்கு ஒரு வாய் புக்கை. அதுக்கு மேலை வேண்டாம்." அவரும் ஓம் தம்பி, ஒரு வாய் என்று ஒப்புக்கொண்டார்.

லண்டனில் எந்தப் பண்டிகையும் ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்ந்துவிடும், மாடுகளுக்கும் அதே விதிதான். ஞாயிறு காலை ஹவுன்ஸ்லோவில் புறப்பட்ட கோச், வால்தம்ஸ்டோவிலும் செவன் கிங்ஸிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பண்ணை வாசலுக்கு வந்து நின்றது. பட்டுச் சேலைக்கு மேல் அனராக் குளிர்சட்டை, காலில் றப்பர் சப்பாத்து. பின்னால் வால்தம்ஸ்டோவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் செல்வம், வடை சுடும் அடுப்பும் தாச்சியுமாகத் தன் வான் வண்டியில் வந்து சேர்ந்தான். கோவிலில் பொங்கிய ஒரு பானை வரும் என்று நான் எண்ணியிருந்தேன். எங்கள் சனத்தை நான் மறந்துவிட்டேன். எந்த வீட்டுக்காரி மற்ற வீட்டுப் புக்கையைத் தன் கையால் மாட்டுக்குக் கொடுப்பாள்? துவாயால் சுற்றிய பானைகள் கோச்சுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே இருந்தன.

தொடக்கம் மிக அழகாக இருந்தது. பிள்ளைகள் வேலிக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். பழக்கப்பட்ட மாடுகள் என்பதால் கிட்ட வந்து நின்று பூமாலையைப் போடவிட்டன, போட்ட மாலையை ஒன்றையொன்று தின்றன. நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். ஹில்டாவுக்கும் ஒரு பொட்டு வைத்தார்கள். அவர் அதை அழிக்காமல், எல்லாருக்கும் தேநீர் போட உள்ளே போனார். தட்டுத் தூக்க நானும் பின்னால் போனேன். தேவாரம் பாடும் சத்தம் குசினி வரைக்கும் கேட்டது. எனக்கு மனம் நிறைந்திருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

திரும்பி வந்து, வழக்கம்போலப் படலையடியில் நின்றேன். மாடுகள் எல்லாம் வேலிக்கு மேலால் கழுத்தை நீட்டி, இன்னும் கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தன. நெற்றிச்சுட்டி மட்டும் ஒதுங்கி நின்று மூக்கை நக்கிக்கொண்டிருந்தது. உலகத்திலேயே சந்தோஷமான மாடு அதுதான் என்று சொல்லலாம். வயிறு ஒரு பக்கம் திரண்டிருந்தது. பிறகு பானைகளைப் பார்த்தேன். எல்லாம் வெறுமை. மாட்டுக்குப் படைத்த பிறகுதான் மனிதர் சாப்பிடுவது வழக்கம், ஆகவே இன்னும் ஒருவரும் கை நனைக்கவில்லை. அப்படியென்றால் அவ்வளவு புக்கையும் எங்கே போனது?

ஒவ்வொருவராகக் கேட்டேன். ஒரு வாய்தான் கொடுத்தனான் என்றார் ஒருவர். ஒரே ஒரு வாய் என்றார் அடுத்தவர். பிள்ளைகளும் ஒரு வாய், அவர்களின் தாய்மாரும் ஒரு வாய். ஒருவரும் பொய் சொல்லவில்லை. அண்ணையின் மனைவி சரசக்காதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"மற்றதுகளை மாலையைக் காட்டி அங்காலை இழுத்துப்போட்டு, எல்லாரும் உந்த நெத்திச்சுட்டிக்குத்தான் குடுத்தவை தம்பி. எடை ஏறாட்டி வித்துப்போடுவினமாம் எண்டு இவர் பஸ்ஸுக்கை சொன்னவர். லட்சுமி எண்டு பேரும் வைச்சாச்சு."

அண்ணை கோச்சின் ஒலிவாங்கியில் சொன்னது இதுதான்: ஆளுக்கு ஒரு வாய். நான் சொன்னது மாட்டுக்கு ஒரு வாய். ஒரு சொல்தான் மாறியது. அந்த நாகைக் காப்பாற்ற வேண்டும் என்று கோச் நிறைந்த சனம், ஆளுக்கு ஒரு வாயாக, சர்க்கரையும் நெய்யும் முந்திரிகையும் போட்ட சோற்றைப் பானைக் கணக்கில் அதன் வயிற்றுக்குள் இறக்கிவிட்டது.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். நாங்கள் மாட்டுக்குத் தீனி போடுவதில்லை, மாட்டின் வயிற்றுக்குள் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்குப் போடுகிறோம். அவை புல்லுக்குப் பழகியவை. திடீரென்று வெந்த மாவும் சர்க்கரையும் வந்து விழுந்தால் வயிறு புளித்து, அமிலமாகி, மாட்டைச் சாய்த்துவிடும். இதில் பொல்லாத சங்கதி என்னவென்றால், சாப்பிட்ட உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் மாடு நன்றாகவே நிற்கும். வருத்தம் வெளியே தெரியும்போது பாதி நேரம் கைமீறிப் போயிருக்கும்.

அண்ணை என்னைக் கையைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்துப் போனார். முகம் வெளிறியிருந்தது. "தம்பி, இப்ப சொன்னா மரியாதை போயிடும். மாடு நல்லாத்தானே நிக்குது. கொஞ்சம் பொறுத்துப் பாப்பமே" என்றார்.

பிள்ளைகளே, நான் உங்களுக்குச் சொல்ல வந்ததே இந்த இடத்தைத்தான். மாடு நன்றாகத்தான் நின்றது. குசினியில் ஹில்டா பொட்டோடு தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நம்பிக் கூட்டிவந்தவன் நான். இந்த நேரத்தில் உள்ளே போய், உங்கள் மாட்டுக்கு எங்கள் ஆட்கள் நஞ்சு கொடுத்ததுபோலக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? எனக்கும் வரவில்லை. ஆனால் மாடு எப்படி நிற்கிறது என்பதைப் பார்த்து முடிவெடுக்கும் நேரம் அது இல்லை. அது என்ன சாப்பிட்டது என்று எனக்குத் தெரியும், அது போதும். அண்ணையின் கையை மெல்ல விடுவித்துவிட்டு உள்ளே போனேன்.

ஹில்டா தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்தார். கத்தவில்லை. எவ்வளவு என்று மட்டும் கேட்டார். ஒவ்வொருவரும் எவ்வளவு கொடுத்தார்கள் என்று தெரியாது, ஆனால் அது எவ்வளவு சாப்பிட்டது என்று சொல்ல முடியும் என்றேன். பானைகளின் அளவைச் சொன்னேன். அவர் உடனே மிருக வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தார். வைத்தியர் தூரத்துப் பண்ணை ஒன்றில் சிக்கலான பிரசவத்தில் நின்றார். பின்னேரம்தான் வர முடியும், அதுவரைக்கும் சோடியம் பைகார்பனேற்றைக் கரைத்துப் பருக்குங்கள், உலர்புல் மட்டும் வையுங்கள், படுக்க விடாமல் நடத்துங்கள் என்று அளவும் சொன்னார். அவர் சொன்ன அளவைக் கேட்டுவிட்டு ஹில்டா அலுமாரியைத் திறந்தார். உள்ளே கேக்குக்குப் போடும் அந்தத் தூளில் குட்டித் தகரம் ஒன்று இருந்தது, அதிலும் அரைவாசி.

வெளியே ஓடிவந்து, யாரிடமாவது சோடியம் பைகார்பனேற் இருக்கிறதா என்று கேட்டேன். எல்லாரும் விழித்தார்கள். பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. "அப்பச்சோடா, அப்பச்சோடா இருக்கோ?" என்றேன்.

செல்வம் வானின் பின்கதவைத் திறந்தான். அவன் வான் என்றைக்கும் பாதிக் கடை. மிளகாய்த்தூள் பெட்டிக்கும் அப்பளக் கட்டுக்கும் பின்னாலிருந்து ஒரு பெட்டி அப்பச்சோடாவை இழுத்தெடுத்தான். வால்தம்ஸ்டோச் சனம் ஒரு மாதத்துக்கு அப்பம் சுடக் காணும்.

அண்ணை தன் வீட்டுப் பொங்கல் பானையைக் கழுவி, வெந்நீர் ஊற்றி, அதிலேயே சோடாவைக் கரைத்தார். ஹில்டா நீளக் கழுத்துப் போத்தலில் நிரப்பி, நாகின் கன்னத்துக்குள் மெதுவாக ஊற்றினார், புரையேறாமல், நிறுத்தி நிறுத்தி. தலையைப் பிடித்தது நான். வாலைப் பிடித்தது அண்ணை. அவருடைய ஒரே நல்ல மேற்சட்டையில் அந்த நாகு தன் கருத்தைத் தெரிவித்தது.

நான் பயந்தது நடந்தது. மத்தியானம் தாண்டியதும் அது சோர்ந்துபோனது. காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு, பல்லை நறநறவென்று கடித்தது. இடப்பக்கம் வீங்கியது. ஆளை மாற்றி ஆள் நடத்திக்கொண்டிருந்தார்கள். பட்டுச் சேலைகள் சேற்றில் இழுபட்டன. ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. சாப்பாட்டுக்குச் செல்வத்தின் வடையும் ஹில்டா வெண்ணெய் பூசித் தந்த பாணும்தான். புக்கை எங்கே இருந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

பொழுது சாயும் நேரத்தில் வைத்தியர் வந்து, வாயால் குழாய் விட்டு வாயுவை வெளியேற்றினார். இன்னும் கொஞ்சம் சோடாவை உள்ளே விட்டார். வீக்கம் வருமுன்னரே முதல் மருந்து போனது நல்லது, அதனால்தான் இன்னும் காலில் நிற்கிறது என்றார். இனி அது இரை மீட்கத் தொடங்க வேண்டும், அதற்குமேல் தன் கையில் எதுவும் இல்லை என்றார்.

கோச் சாரதி லண்டன்காரர், வாட்டசாட்டமான மனிதர். நாலு மணிக்குப் புறப்பட வேண்டும் என்று முதலில் மணிக்கூட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒருவரும் ஏறவில்லை. சரசக்கா அவரிடம் போய், அந்த மாடு அசைபோட்டால்தான் வருவோம் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். சாரதி முணுமுணுத்தார். பிறகு இறங்கி வந்து வேலியில் கையை ஊன்றினார். சற்று நேரத்தில் என்னிடம் வந்து, எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். கழுத்தைப் பாருங்கள், உருண்டை ஒன்று கீழிருந்து மேலே ஏறும் என்றேன்.

நாங்கள் எல்லாரும் ஒரு மாட்டின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பெருந்தெருவில் லொறி விளக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணை கண்ணை மூடிக்கொண்டு நின்றார். லட்சுமி ஒரு முறை வாயு பிரிய ஏவறை விட்டது. கழுத்தில் ஏதோ ஏறியது. தாடை ஒரு பக்கமாக அசைந்தது, பிறகு மறுபக்கம்.

"இரை மீட்குது" என்றார் சரசக்கா, பக்கத்தில் நித்திரை கொள்ளும் குழந்தைக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

சாரதி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு போய் எஞ்சினைக் கிளப்பினார். அண்ணை ஹில்டாவிடம் போனார். பிழை எங்களுடையது, என்னுடையது என்று தன் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். ஹில்டா அவரை முடிக்க விடவில்லை. அடுத்த முறை எல்லா மாட்டுக்கும் பிரித்துப் போடுங்கள் என்றார். அடுத்த முறை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, குளிர்தான் காரணம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. லட்சுமியின் வயிறு தேற வாரக்கணக்கானது. தொட்டித் தீனியை நிறுத்தி, உலர்புல்லில் வைத்து, பிறகு பிடி பிடியாகப் பழக்க வேண்டியிருந்தது. மற்றவை ஏற, அது இறங்கியது. எடை ஏறட்டும் என்று கொடுத்த சாப்பாடு இருந்த எடையையும் குறைத்துவிட்டது. தாமோதரம் அண்ணை கிழமை தவறாமல் தொலைபேசி எடுத்து, லட்சுமி எவ்வளவு என்று கேட்பார். தங்கப் பவுன் விலை விசாரிப்பவர்கூட அவ்வளவு கவலையோடு கேட்டிருக்கமாட்டார்.

வசந்தத்தில் நிறுக்கும் நாள் வந்தது. மூன்று நாகுகள் கோட்டுக்குக் கீழே. அதில் ஒன்று லட்சுமி. ஹில்டா வேலியில் சாய்ந்துகொண்டு என் ஆலோசனையைக் கேட்டார். ஆலோசகன் மாட்டுக்காக வக்காலத்து வாங்கப் போகக் கூடாது. ஒரு முறை வாங்கினால் அதற்குப் பிறகு அவன் சொல்லும் எதற்கும் பெறுமதியில்லை. ஆகவே கண்டதைத்தான் சொன்னேன். மற்ற இரண்டும் குளிர்காலம் முழுக்க நிறையச் சாப்பிட்டும் வளராதவை, அவற்றை விற்றுவிடுங்கள். இது உயரத்தில் வளர்ந்திருக்கிறது, எலும்பு நன்றாக இருக்கிறது, குறைவது வருத்தத்தில் போன தசை. வசந்தப் புல்லில் சக்தி இருக்கிறது, தொட்டி வேண்டாம். காளை எப்படியும் சில வாரம் மந்தையோடு நிற்கும், இதைக் கடைசியில் சேர்த்துவிடுங்கள்.

ஹில்டா என்னைக் கூர்ந்து பார்த்தார். "இதற்குப் பெயர் இல்லை, இலக்கம் மட்டும்தான் என்று வை. அப்போதும் இதையே சொல்லுவாயா?"

எனக்குள்ளே ஒரு முறை கேட்டுப் பார்த்தேன். நெற்றிச்சுட்டியை மறைத்து, லட்சுமியை மறைத்து, சரசக்காவின் முகத்தையும் மறைத்துப் பார்த்தேன். எலும்பு அங்கேயே இருந்தது.

"ஓம்" என்றேன். அவசரத்தில் தமிழ் வந்துவிட்டது. அவருக்கு விளங்கியது.

ஆவணி அளவில் ஒருநாள் அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. லக்ஸ்மி சினை என்றார் ஹில்டா. அப்படித்தான் அவர் வாயில் அந்தப் பெயர் வரும். அண்ணைக்கு நான் சொன்னபோது அவர் ஷிப்டில் நின்றார். பிறகு கேள்விப்பட்டேன், அன்றைக்குச் சில விமானங்களில் பயணிகளுக்கு இரண்டு இனிப்பு கிடைத்ததாம்.

இந்தத் தொழிலில் நான் அதற்குப் பிறகு எந்தப் பண்ணையிலும், நீ எவ்வளவு போட்டாய் என்று கேட்டதில்லை. தகப்பன் ஒரு கோப்பை என்பார், மகன் ஒரு கோப்பை என்பான், வேலைக்காரரும் ஒரு கோப்பை என்பார். மூன்று பேரும் உண்மையே சொல்வார்கள். மாடு எவ்வளவு சாப்பிட்டது என்று கேளுங்கள். அதற்குப் பதில் மனிதரின் வாயில் கிடைக்காது. வெறும் சாக்கில் கிடைக்கும், தொட்டியின் அடியில் கிடைக்கும். பதில் கிடைத்தால், மாடு சிரித்துக்கொண்டு நின்றாலும் உடனே போய்ச் சொல்லுங்கள்.

அடுத்த தையில் ஹில்டாவே என்னைக் கூப்பிட்டு, உங்கள் ஆட்கள் எப்போது வருகிறார்கள் என்று கேட்டார். படலையில் புதுப் பலகை ஒன்று தொங்கியது. என் மனைவியிடம் எழுதி வாங்கி, எழுத்து எழுத்தாகப் பார்த்துத் தன் கையாலேயே தீட்டியிருந்தார். "மாட்டுக்கு ஒரு வாய். ஆளுக்கு அல்ல." ழகரம் ஒன்றுகூட வராத வசனமாகப் பார்த்துத்தான் எழுதிக் கொடுத்தேன் என்று மனைவி பெருமைப்பட்டாள். இந்த முறை ஒரே பானைதான். அண்ணை கோச்சுக்குள் பலகையை மனப்பாடமாக ஒப்புவித்துக்கொண்டு வந்தாராம்.

லட்சுமி பெரிய வயிற்றோடு பின்பக்கத்தில் தனியாக நின்றது. சடங்கு முடிந்து, எல்லாரும் சாப்பிடத் தொடங்கிய பிறகு, வழக்கம்போல நான் ஒரு சுற்றுப் பார்க்கப் போனேன். அங்கே ஹில்டா நின்றார். சாப்பிடச் சொல்லிச் சரசக்கா கொடுத்த தட்டு அவர் கையில் இருந்தது. லட்சுமியின் வாய் அந்தத் தட்டில் இருந்தது.

என்னைக் கண்டதும் திடுக்கிட்டார். பிறகு பொட்டு வைத்த நெற்றியை நிமிர்த்தி, மிகத் தெளிவான தமிழில், "ஒரு வாய்" என்றார்.

நான் தட்டை வாங்கி, மிச்சத்தை அங்கேயே நின்று நானே சாப்பிட்டு முடித்தேன்.